வூச் முதல் கோஸ்திவார் வரை: வேலையில்லாதோர் பட்டியலில் இல்லாதவர்கள்

முதல் நாள்: வூச், போலந்து

வார்சாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வூச் ஃபாப்ரிச்னா நிலையம் 2016 இறுதியில் தரைக்கடியில் புதிதாகத் திறக்கப்பட்டது. மேலேறி வந்ததும் எதிரே பழைய மின்நிலையத்தின் செங்கல் கட்டடம் நிற்கும். அது இப்போது அறிவியல் மையம். இந்த ஊரில் செங்கல் கட்டடம் எதைக் கண்டாலும் முன்பு என்ன ஆலையாக இருந்தது என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

கம்யூனிச ஆட்சி போன பிறகு வேலையின்மை பெண்களையும் இளைஞர்களையும் எப்படிப் பிடித்தது என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக க்டான்ஸ்க் கப்பல் தளத்துக்குப் போவார்கள். வூச்சுக்கு வருவதே சரி. சிலேசியாவுக்கு நிலக்கரி, க்டான்ஸ்குக்குக் கப்பல், வூச்சுக்குத் துணி. நிலக்கரியும் கப்பலும் ஆண்கள் வேலை. நூற்பு, நெசவு, தையல் மூன்றிலும் பெரும்பான்மை பெண்கள், அதுவும் மூன்று ஷிப்ட்.

ஊரின் நடுவே நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு பியோட்ர்கோவ்ஸ்கா தெரு. அதன் தென்கோடிப் பக்கம் கெயர் குடும்பத்தின் வெள்ளை ஆலை, இன்று மத்திய ஜவுளி அருங்காட்சியகம். தறிகள் ஓடும்போது உள்ளே நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடக் கூடாது. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வடக்கே நடந்தால் மானுஃபாக்துரா. போஸ்னான்ஸ்கியின் பஞ்சாலை வளாகம் 2006 மே மாதம் வணிக வளாகமாகத் திறந்தது. ஜவுளிக் கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் விற்கும் துணியில் வூச்சில் நெய்தது அநேகமாக இல்லை.

இந்த வளாகத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. சோசலிசக் காலத்தில் இதன் பெயர் மார்க்லெவ்ஸ்கி ஆலை. 1970 டிசம்பரில் அரசு உணவு விலையை ஏற்றியது. பால்டிக் கரையோர ஊர்களில் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; துப்பாக்கிச் சூடு நடந்தது; ஆட்சித் தலைமை மாறியது; விலை மட்டும் இறங்கவில்லை. 1971 பிப்ரவரி 10 அன்று வூச் ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பிரதமரே நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று. பிப்ரவரி 15 மாலை விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காலப் போலந்தில் அரசை ஒரே வாரத்தில் பணிய வைத்த கூட்டம் இது. இருபது வருடம் கழித்து இதே பெண்களின் வேலை போனபோது அவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தறியை நிறுத்தித்தான் மிரட்ட முடியும்.

1990 ஜனவரி 1இல், சோசலிசப் பொருளாதாரத்தைச் சந்தைப் பொருளாதாரமாக மாற்றும் பால்செரோவிச் திட்டம் தொடங்கியது. அதுவரை போலந்தில் வேலையின்மை என்பதற்குப் புள்ளிவிவரமே கிடையாது. அந்த ஆண்டு முடிவில் பதிவு செய்த வேலையற்றோர் 6.5 சதவீதம், 1993 முடிவில் 16.4. வூச்சுக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் வந்தது. 1991 தொடக்கத்தில் சோசலிச நாடுகளுக்கிடையே ரூபிள் கணக்கில் நடந்த வர்த்தகம் முடிந்து, சோவியத் ஆர்டர்கள் ஒரே ஆண்டில் காணாமல் போயின. அதே சமயம் எல்லை திறந்ததால் மலிவான இறக்குமதித் துணி உள்ளே வந்தது. ஆலைகள் முதலில் ஆட்களை வெளியே அனுப்பவில்லை, புதிதாக எடுப்பதை நிறுத்தின. ஆகவே முதலில் அடிபட்டவர்கள் ஐம்பது வயதுக்காரிகள் அல்ல, பள்ளி முடித்து அந்த வருடம் வெளியே வந்த பெண்கள். எங்கே நெருக்கடி வந்தாலும் இளைஞர் வேலையின்மை பெரியவர்களுடையதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு சாலெவைகா. புளிக்க வைத்த கம்பு மாவில் உருளைக்கிழங்கு சேர்த்த சூப், இந்த வட்டாரத்து உழைப்பாளி உணவு. பால் பார் என்று அழைக்கப்படும் அரசு மானிய உணவகத்தில் மலிவாகக் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: வூச்

க்ஷென்ஷி மிவின் குடியிருப்பு. ஆலை, எதிரே தொழிலாளர் வீட்டு வரிசை, பள்ளி, தீயணைப்பு நிலையம், மருத்துவமனை எல்லாம் பத்து நிமிட நடையில். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளி கட்டியது. சோசலிச அரசும் இதே அமைப்பைத்தான் தொடர்ந்தது. குழந்தைக் காப்பகம் ஆலையோடு, தொழிற்பள்ளி ஆலையோடு, கோடை விடுமுறை இல்லமும் ஆலையோடு.

இதனால் ஆலை மூடியபோது சம்பளம் மட்டும் போகவில்லை. போலந்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பகங்கள் 1990இல் 1,400க்கு மேல் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் மிஞ்சியவை ஏறக்குறைய 400. நகராட்சிகளுக்குப் பொறுப்பு வந்தது, பணம் வரவில்லை. மேலும் காப்பகம் என்பது சட்டப்படி மருத்துவ நிறுவனமாக, சுகாதார அமைச்சின் கீழ் இருந்தது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு மருத்துவமனை நடத்தும் அளவுக்கு விதிகள். 2011 பிப்ரவரிச் சட்டம்தான் இதைத் தொழிலாளர் அமைச்சுக்கு மாற்றி, சிறு குழந்தைக் குழுக்களுக்கும் வழிவிட்டது. இடையில் போன இருபது வருடத்தில் ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்குப் பாட்டிதான் காப்பகம். பெண்கள் 60 வயதில் ஓய்வு பெறலாம் என்ற விதியைப் போலந்து அரசு 2012இல் 67க்கு நகர்த்தப் பார்த்து, 2017இல் திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டி வேலைக்குப் போய்விட்டால் மகளால் போக முடியாது.

தொழிற்பள்ளியின் கதை இன்னும் மெதுவாகப் புரியும். நெசவாளி, நூற்பாளி, தையற்காரி என்று பெண்களுக்குப் பிரிவுகள். இயந்திரம் பழுது பார்ப்போர், மின்பணியாளர் என்று ஆண்களுக்கு. ஆலை மூடிய பிறகும் ஆசிரியர்கள் இருந்தார்கள், பட்டறை இருந்தது, ஆகவே பிரிவும் இருந்தது. சில வருடங்களுக்கு யாருக்கும் வேண்டாத தொழிலில் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் பிரிவு ஓரளவு தப்பியது. இயந்திரம் தெரிந்தவனுக்குக் கார் பட்டறை இருக்கிறது. நூற்பு மட்டும் தெரிந்தவளுக்கு நூற்பாலை வேண்டும்.

போலந்தின் மோசமான காலம் 1993 அல்ல, 2002. ஆண்டு முடிவில் மொத்தம் 20 சதவீதம். 25 வயதுக்குட்பட்டோரில் 40க்கு மேல். 1998 ரஷ்ய நெருக்கடி ஒரு காரணம். இன்னொன்று பிறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. 1983இல் போலந்தில் ஏழு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. போருக்குப் பிந்தைய பெருக்கத்தின் எதிரொலி அது. அவர்கள் பள்ளி முடித்து வேலை தேடி வந்த வருடங்களில்தான் ஆலைகள் இரண்டாம் சுற்று ஆள் குறைப்பில் இருந்தன.

அன்றைய வேலை விளம்பரங்களில் ஆண்களுக்கு ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: இராணுவச் சேவைக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். கட்டாயச் சேவை 2008 வரை நடந்தது. பெண்களுக்கான கேள்வி விளம்பரத்தில் வராது, நேர்காணலில் வரும்: கல்யாணம் ஆயிற்றா, குழந்தை எப்போது? தொழிலாளர் சட்டத்தின் 22 (1) பிரிவு, விண்ணப்பதாரரிடம் பெயர், பிறந்த தேதி, தொடர்பு, படிப்பு, தகுதி, முன்வேலை ஆகியவற்றைத்தான் கேட்கலாம் என்கிறது. ஆனாலும் கேட்டார்கள். பையனுக்கு இராணுவம் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பெண்ணுக்கு அந்தக் கேள்வி இருபது வயதில் தொடங்கி நாற்பது வரை ஓயாது.

பாதுகாப்புச் சட்டமே எப்படித் திரும்பித் தாக்குகிறது என்பதற்கு 177ஆம் பிரிவைப் பார்க்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கான வேலை ஒப்பந்தம், பெண் மூன்று மாதக் கர்ப்பத்தைக் கடந்த பிறகு முடிவதாக இருந்தால், பிரசவ நாள் வரை தானாக நீளும். நல்ல விதி. முதலாளி என்ன செய்தார்? வேலை ஒப்பந்தமே போடவில்லை. உரிமையியல் சட்டத்தின் கீழ் ‘பணி ஒப்படைப்பு’ ஒப்பந்தம் போட்டார். அதற்கு விடுப்பு இல்லை, 177 இல்லை, 2017 ஜனவரி வரை குறைந்தபட்ச மணிக்கூலியும் இல்லை (அப்போது வந்தது 13 ஸ்வாட்டி, போலந்து நாணயம்). 26 வயதுக்குட்பட்ட மாணவரை இப்படி எடுத்தால் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் கட்ட வேண்டாம். மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘குப்பை ஒப்பந்தம்’.

சந்தா கட்டாததன் வலி பிறகுதான் தெரியும். வேலையில்லா உதவித்தொகைக்கு, பதிவு செய்யும் நாளுக்கு முந்தைய 18 மாதத்தில் 365 நாள் குறைந்தபட்சக் கூலிக்காவது சந்தா கட்டிய வேலை வேண்டும். மூன்று வருடம் கடையில் நின்ற மாணவிக்கு அது பூஜ்யம் நாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் மருத்துவக் காப்பீடு மட்டும் கிடைக்கும்.

அங்கேயும் ஒரு கண்ணி. 2025இல் புதிய சட்டம் வரும்வரை, அலுவலகம் காட்டும் தகுந்த வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் முதல் தடவை 120 நாள், அடுத்து 180, பிறகு 270 நாள் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். ஊருக்கு வெளியே கிடங்கில் காலை ஆறு மணி ஷிப்ட் காட்டுவார்கள். காப்பகம் ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்பது தக்க காரணமா என்று எழுத்தர் முடிவு செய்வார். நீக்கினால் அந்த மாதம் வேலையின்மை ஒரு ஆள் குறையும்.

மூன்றாம் நாள்: வாவ்பிஷிக்

வ்ரோத்ஸ்வாவ் போய் அங்கிருந்து மலைப்பாதை ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலக்கரி ஊர். மூன்று பெரிய சுரங்கங்களும் 1990களிலேயே மூடின. யூலியா சுரங்கம் 2014 முதல் அருங்காட்சியகம். குளியல் கூடத்தில் சங்கிலியில் தொங்கும் வேலை உடைகள் அப்படியே இருக்கின்றன. சுரங்கத்திலிருந்து வருகிறவன் சங்கிலியை இறக்கி, உடையைக் கொக்கியில் மாட்டி, மறுபடி கூரைக்கு ஏற்றிப் பூட்டுவான். ஈரம் மேலே காயும், கீழே இடம் மிச்சம்.

வூச்சையும் இதையும் சேர்த்துப் பார்ப்பதற்கே இங்கே வருவது. நிலத்தடியில் 25 வருடம் உழைத்தவருக்கு வயது பாராமல் ஓய்வூதியம். இருபதில் இறங்கியவன் நாற்பத்தைந்தில் ஓய்வூதியத்தோடு வீட்டில். 1998இல் நாடு முழுவதுமான சுரங்கத் தொழிலுக்கு, வெளியேறுவோருக்கு ஒரே தவணை இழப்பீடு, சம்பளத்தில் ஒரு பகுதியோடு விடுப்பு என்று தனித் தொகுப்பே வந்தது. ஜவுளிக்கு அப்படி ஒன்று இல்லை. ஜவுளிப் பெண்கள் தலைநகருக்குப் போய் மறியல் செய்யவில்லை. சுரங்கத்தார் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்பவர்களுண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி, ‘அவளுக்குக் கணவன் சம்பாதிப்பான்’ என்ற கணக்கு. வூச்சில் கணவனும் ஜவுளிதான்.

இங்கே சிக்கிக்கொண்டவர்கள் சுரங்கத்தாரின் மகன்கள். தந்தையின் ஓய்வூதியம் அவர்களுக்கு வராது, தந்தையின் வேலையும் இல்லை. சிலர் ஊர் ஓரத்துக் காடுகளில் சில மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கரி எடுத்து மூட்டையாக விற்றார்கள். ‘ஏழைக் குழிகள்’ என்று பெயர். முட்டுக் கொடுக்க மரமில்லாமல் மண் சரிந்து செத்தவர்களுண்டு. மகள்கள் கடைகளுக்கும் ஜெர்மானிய முதியோர் வீடுகளுக்கும் போனார்கள். 1997இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தது, 2002இல் டொயோட்டா கியர் பெட்டி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஊர் மெல்ல நிமிர்ந்தது.

நாடு முழுவதும் நிமிர்ந்ததற்கு விமானமும் பேருந்தும் முக்கியக் காரணம். 2004 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே வேலைச் சந்தையைத் திறந்தன. 2007 முடிவில் தற்காலிகமாக வெளிநாட்டில் இருந்த போலந்துக்காரர் 22 லட்சத்துக்கு மேல். 2003 முடிவில் 20 சதவீதமாயிருந்த பதிவு வேலையின்மை 2008 முடிவில் 9.5. எந்த வேலைவாய்ப்புத் திட்டமும் இதில் கால்வாசி செய்ததாகச் சொல்ல முடியாது.

நான்காம் நாள்: சாலையில், புடாபெஸ்ட், பெல்கிரேடு வழியாக

நாள் முழுக்கப் பேருந்து. எழுத இடமில்லை, எண்ணத்தான் நேரம். ஆகவே இன்று எண்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி வேலையற்றவர் யார்? குறிப்பு வாரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கூலி வேலை செய்யாதவர், கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியவர், இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாரானவர். மூன்றும் வேண்டும். தேடிக் களைத்து நிறுத்தியவர் வேலையற்றவர் அல்ல. ‘உழைப்புச் சந்தைக்கு வெளியே’. விகிதத்தின் கீழ் எண்ணும் மொத்த இளைஞர்கள் அல்ல, வேலை செய்வோரும் தேடுவோரும் மட்டும்.

ஒரு கற்பனை ஊர். நூறு பையன்களில் 40 பேர் வேலையில், 15 பேர் தேடுகிறார்கள், 35 பேர் படிக்கிறார்கள், 10 பேர் எதுவுமில்லை. வேலையின்மை 55இல் 15, அதாவது 27 சதவீதம். நூறு பெண்களில் 22 பேர் வேலையில், 7 பேர் தேடுகிறார்கள், 46 பேர் படிக்கிறார்கள், 25 பேர் வீட்டில். வேலையின்மை 29இல் 7, அதாவது 24 சதவீதம். செய்தித்தாள் ‘பெண்களின் நிலை மேல்’ என்று எழுதும். படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்ற கணக்கை எடுத்தால் பையன்கள் 25, பெண்கள் 32. எந்த நாட்டுக்கும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் விவசாயம் செய்வோரை எங்கே வைப்பது என்பது இன்னொரு சிக்கல். 2013இல் சர்வதேசப் புள்ளியியலாளர் மாநாடு, சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி வேலைவாய்ப்பு அல்ல என்று மாற்றியது. மால்டோவா 2019இலும் ஜார்ஜியா 2020இலும் அதை எடுத்துக்கொண்டன. ஜார்ஜியாவின் 2019ஆம் ஆண்டு வேலையின்மை பழைய கணக்கில் 11.6, புதிய கணக்கில் 17.6. ஒருவருடைய வேலையும் போகவில்லை. மாமியார் தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிய இளம் பெண் அதுவரை ‘பணியில் உள்ளவர்’.

நீண்ட குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இப்படித்தான். செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் மூன்று வயது வரை விடுப்பு சோசலிசக் காலத்திலேயே வேரூன்றியது. ஹங்கேரியின் திட்டம் 1967இல் தொடங்கியது. 1990களில் அது வேலையின்மையை மறைக்கும் அலமாரியாகவும் பயன்பட்டது. திரும்பி வரும்போது இடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனமே இல்லாவிட்டால் எந்த இடம்?

ஐந்தாம் நாள்: லெஸ்கோவாட்ஸைக் கடந்து ஸ்கோப்யே

பெல்கிரேடிலிருந்து வட மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யே சுமார் 430 கி.மீ.; எல்லையில் கூட்டமில்லாவிட்டால் ஆறேழு மணி நேரம். வழியில் லெஸ்கோவாட்ஸ். செர்பியாவின் மான்செஸ்டர் என்ற பட்டம் ஒரு காலத்தில் இருந்தது, இன்று ஊரின் பெயர் கரியில் சுட்ட இறைச்சிக்கு. 1992இல் ஐ.நா. தடை விழுந்தபோதே சந்தை அறுந்துவிட்டது. பிறகு தனியார்மயம் வந்தபோது விற்பதற்கு மிஞ்சியது கட்டடமும் நிலமும்.

வட மாசிடோனியாவின் எண்கள் போலந்துக்கே பரவாயில்லை என்று சொல்ல வைக்கும். 2005இல் மொத்த வேலையின்மை 37 சதவீதம். இளைஞர்களில் 60க்கு மேல். யூகோஸ்லாவியச் சந்தை உடைந்தது, வடக்கே செர்பியா மீது தடை, தெற்கே 1994 முதல் 1995 வரை கிரேக்கத்தின் வர்த்தகத் தடை, 2001இல் உள்நாட்டு மோதல். ஒரு தலைமுறை முழுக்க முதல் வேலையே பார்க்காமல் முப்பதைத் தாண்டியது.

பதிவேட்டு எண் இதைவிட ஊதியிருந்தது. வேலைவாய்ப்பு முகமையில் வேலையற்றவராகப் பதிந்தால் இலவச மருத்துவக் காப்பீடு. ஆகவே கணக்கில் வராத வேலை செய்பவரும் பதிந்தார், வேலையே தேடாத இல்லத்தரசியும் பதிந்தார். எழுத்தர்களின் நேரமெல்லாம் முத்திரை குத்துவதிலேயே போயிற்று. வேலை தேடித்தர ஆளில்லை. 2010களின் தொடக்கத்தில் காப்பீட்டைத் தனி நிதியத்துக்கு மாற்றி, பட்டியலைத் தீவிரமாகத் தேடுவோர், மற்றவர் என்று இரண்டாகப் பிரித்த பிறகுதான் முகமைக்கு மூச்சு வந்தது.

2022இல் மொத்தம் 14 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் பெண்களின் வேலையின்மை ஆண்களுடையதைவிடக் குறைவு. நேற்றைய கற்பனை ஊர் நினைவிருக்கட்டும்: இங்கே வேலைச் சந்தைக்குள் இருப்பவர்கள் ஆண்களில் பத்துக்கு ஆறு, பெண்களில் பத்துக்கு நான்கு. மேலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்போர் 18 லட்சத்துச் சொச்சம்தான். இருபது வருடத்துக்கு முன் 20 லட்சத்துக்கு மேல். தேடியவர்களில் பலர் இப்போது ஜெர்மனியில்.

ஆறாம் நாள்: ஷ்டிப்

ஸ்கோப்யே பேருந்து நிலையத்திலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 2021 கணக்கில் நகராட்சிக்கு 44,000 பேருக்கு மேல். மாகெடோன்கா பருத்திக் கூட்டாலை இந்த ஊரை வளர்த்தது. இன்று நூற்பும் நெசவும் போய், தையல் மட்டும் மிச்சம். படகு வடிவில் மாவைத் தட்டி மேலே இறைச்சித் துண்டு பரப்பி அடுப்பில் சுடும் பாஸ்ட்ர்மாய்லியா ஊரின் உணவு. ஷிப்ட் முடியும் நேரத்தில் கடைகளில் கூட்டம்.

இங்கே நடப்பது திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாத ஜாப் ஒர்க். ஜெர்மன் அல்லது இத்தாலிய நிறுவனம் துணி, நூல், பொத்தான், லேபிள் எல்லாம் லாரியில் அனுப்பும். இங்கே வெட்டித் தைத்துத் தேய்த்து மடித்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆலை பில் போடுவது நிமிடத்துக்கு. ஒரு சட்டைக்கு 20 நிமிடம் என்று வாங்குபவர் ஒப்புக்கொண்டால் 20 நிமிடக் காசு. 24 நிமிடமானால் நான்கு நிமிடம் ஆலையின் தலையில், அங்கிருந்து தையற்காரியின் தலையில். அன்றன்றைய இலக்குக்கு இங்கே நோர்மா என்று பெயர். சட்டைக் காலர் கையளவு துண்டு. ஓரம் திருப்பி முனை கூராக வர வேண்டும். புதிதாக வந்தவளுக்கு நோர்மா எட்ட மாதக்கணக்காகும். அதுவரை அவளுக்குக் கிடைப்பது அடிமட்டக் கூலி. பாதிப் பேர் அதற்குள் போய்விடுவார்கள் என்பது மேலாளர்களின் நிரந்தரப் புலம்பல்.

2005 ஜனவரி 1இல் உலக ஜவுளி இறக்குமதி ஒதுக்கீட்டு முறை முடிந்தது. திருப்பூர் உட்பட ஆசிய ஊர்களுக்கு ஆர்டர் திறந்த அதே நாள், ஷ்டிப்பின் சாதாரண டி-ஷர்ட் ஆர்டர்கள் போன நாள். தங்கியது இரண்டு வாரத்தில் கடைக்கு வர வேண்டிய அவசர ஆர்டர், சின்ன எண்ணிக்கை, கடினமான பிளவுஸ். லாரி இரண்டு மூன்று நாளில் ஜெர்மனி போய்ச் சேரும், கப்பலால் முடியாது.

ஊரில் வேலையில்லாத இளம்பெண்கள் இருக்கிறார்கள். ‘தையற்காரிகள் தேவை’ என்ற தாளும் தொழிற்கூடக் கதவுகளில் ஒட்டியிருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே தெருவில்? சம்பளக் கணக்கைப் பார்த்தால் போதும். 2012இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஜவுளி, ஆடை, தோல் துறைகளுக்கு மட்டும் தனியாகக் குறைந்த தொகை. நாட்டில் அதிகமாகப் பெண்கள் வேலை செய்யும் தொழிலுக்குத்தான் சலுகை, முதலாளிக்கு. 2017 செப்டம்பரில்தான் எல்லாருக்கும் ஒன்றாக 12,000 டெனார் ஆயிற்று, ஏறக்குறைய 195 யூரோ. 2022 மார்ச்சில் 18,000. இதே ஊரில் 2007இல் தொடங்கிய கோத்சே டெல்சேவ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்மா இருபது வருடம் தைத்து மகளைப் படிக்க வைப்பது அவள் தைக்கக் கூடாது என்பதற்கே. பட்டம் முடித்தவளுக்கு ஊரில் அலுவலக வேலை சில டஜன். விண்ணப்பம் பல நூறு. அவள் இரண்டு மூன்று வருடம் காத்திருப்பதைச் சோம்பல் என்று சொல்கிற பொருளாதார அறிக்கைகள் தையல் மேசையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதப்பட்டவையாகத் தெரியவில்லை.

‘உரத்துப் பேசும் ஜவுளித் தொழிலாளி’ என்ற பொருள்பட ‘க்ளாசென் டெக்ஸ்டிலெட்ஸ்’ என்ற அமைப்பு இந்த ஊரில் இயங்குகிறது. கூலிச் சீட்டைப் படிக்கச் சொல்லித் தருவது, சனிக்கிழமை கூடுதல் நேரத்தைக் குறித்து வைக்கச் செய்வது, ஆய்வாளருக்குப் புகார் எழுதித் தருவது போன்றவை அதன் வேலை.

ஏழாம் நாள்: கோஸ்திவார்

ஸ்கோப்யேயிலிருந்து மேற்கே டெட்டோவோ கடந்து, ஷார் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அல்பேனியர் பெரும்பான்மையாக வாழும் பொலோக் வட்டாரம். கோடையில் சுவிஸ், ஜெர்மன் எண் பலகை கொண்ட கார்கள் தெருவை அடைத்துக்கொள்ளும். ஷ்டிப்பில் பெண்களின் சம்பளத்தால் வீடு ஓடுகிறது. இங்கே அண்ணனோ சித்தப்பாவோ அனுப்பும் பணத்தால். அந்தப் பணம் வரும் வீட்டில், குறைந்த கூலிக்குப் பெண்ணை அனுப்ப அவசரமில்லை. நாட்டிலேயே பெண்கள் வேலைச் சந்தைக்குள் வருவது மிகக் குறைவான வட்டாரங்களில் இதுவும் ஒன்று.

இதைப் பண்பாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். டெட்டோவோவில் தென்கிழக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2001இல் வந்தது. அல்பேனிய மொழி டெட்டோவோ பல்கலைக்கழகம் 2004இல் அரசு அங்கீகாரம் பெற்றது. வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் கல்லூரி வந்ததும் பெண்கள் நிறையச் சேர்ந்தார்கள். வீடுகள் மாறிவிடவில்லை, பேருந்து நேரம்தான் ஒத்துவந்தது. படிப்புக்கு வந்த அந்தத் தூரம் வேலைக்கு இன்னும் வரவில்லை.

இளைஞர் உத்தரவாதத் திட்டம் 2018இல் சோதனையாகத் தொடங்கிய மூன்று இடங்களில் கோஸ்திவாரும் ஒன்று. மற்றவை ஸ்கோப்யே, ஸ்ட்ருமிட்சா. 2019இல் நாடு முழுவதும். நடைமுறை எளிது: 29 வயது வரை உள்ளவர் முகமையில் வேலையற்றவராகப் பதிகிறார், அவர் எவ்வளவு எளிதில் வேலை பெறுவார் என்று மதிப்பிட்டுப் பிரிக்கிறார்கள், ஆலோசகரோடு உட்கார்ந்து தனித் திட்டம் எழுதுகிறார்கள், நான்கு மாதத்துக்குள் வேலை, மேற்படிப்பு, பயிற்சி மூன்றில் ஒன்று கையில் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கொண்டுவந்த அதே மாதிரி.

பதிந்தவர்களிடையே பலன் தெரிகிறது. சிக்கல் அதற்கு முந்தைய படியில். நான்கு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்குவது பள்ளி முடிந்த நாளிலிருந்து அல்ல, பதிந்த நாளிலிருந்து. பதியாத பெண்ணுக்கு எந்த அறிக்கையிலும் காலதாமதம் இல்லை. அதனால் வீட்டுக்கு வீடு போகும் களப்பணி திட்டத்தின் பாதி. ஆனால் பணம் ஒதுக்கும்போது அது கடைசி வரி.

களத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் கைவசம் வேண்டும். அல்பேனிய மொழி பேசும் பெண் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அடையாள அட்டையும் பள்ளிச் சான்றிதழும் அவளிடம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். கூலியோ உதவித்தொகையோ அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் போய்ச் சேராது. அண்ணன் கணக்கு எண்ணை எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு திருத்த வாரக்கணக்காகும். பயிற்சி தரும் நிறுவனம் எது என்று சொல்லும்போதே மாலை ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, அதற்குப் பிறகு கிராமத்துக்கு மினிபஸ் உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் வாரத்தோடு நின்றுவிடுவாள். முகமையின் கோப்பில் அது ‘பங்கேற்பாளர் விலகினார்’ என்று பதிவாகும்.